ஆயிரமாவது நாள்

"உருக்காலையில இரும்புக் குழம்புல கை கழுவியிருக்கேன். குவாரியில வெடிமேல உட்கார்ந்து டீ குடிச்சிருக்கேன். ஒரு சிராய்ப்புகூட இல்ல டாக்டர்!"

"அப்புறம் இந்தக் கால்?" என்றார் கம்பெனி டாக்டர், அலுப்போடு.

"ஆபீஸ் வராந்தாவுல சும்மா நின்னேன். 'விபத்தில்லா ஆயிரமாவது நாள்'னு எழுதின பலகை விழுந்துச்சு."

கூட வந்திருந்த என் மைத்துனர் தலையில் அடித்துக்கொண்டார். "இருபது வருஷமா இதே ரீல், அத்தான்!"

"வேலையில பட்ட அடின்னு சாட்சி இருந்தாத்தான் இங்க ஆபரேஷன். இல்லேன்னா காலம் பூரா நொண்ட வேண்டியதுதான்," என்றார் டாக்டர்.

மைத்துனர் என் காலையே வெகுநேரம் பார்த்தார்.

"நடந்ததுதான் டாக்டர்," என்றார் களைத்த குரலில். "அப்ப நான்தான் பாதுகாப்பு அதிகாரி. ஏணியில ஏறி அந்தப் பலகையை மாட்டினவன் நான். மறுநாள் அதுல ஆயிரத்தொண்ணுன்னு எழுதினவனும் நான்தான்."