வெள்ளிக்கிழமைத் தேய்மானம்

"குடும்ப வண்டின்னு சொன்னீங்க. இது ஊரையே ஏத்தி இறக்கின வண்டி சார்!"

பழைய கார் வியாபாரி பின்கதவைப் படாரென்று சாத்தினார். கணவனின் முகம் வெளுத்தது. மனைவி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சார் பேச்சு இது? வாங்கி நாலு வருஷம்கூட ஆகலை."

"வருஷத்தை விடுங்க. ஷோரூம் வாசலைத் தாண்டின நிமிஷமே புது வண்டி பழைய வண்டிதான். அந்தத் தேய்மானத்துக்கு எங்ககிட்ட ஒரு கணக்கு இருக்கு. உங்க வண்டி அதுல அடங்கலை. நீங்க கேட்கிறதுல பாதி தரேன். இஷ்டம்னா சாவியைக் குடுங்க."

பாதி என்றால் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கே பற்றாது. திங்கட்கிழமை கட்டாவிட்டால் அவள் இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

"நான் அப்பவே சொன்னேன், வண்டியை விக்க வேண்டாம், எங்கேயாவது கடன் வாங்கலாம்னு" என்றாள் மனைவி. "வாங்க, கிளம்பலாம்."

"நீ ஸ்டீயரிங்கைத் தொட்டே ரெண்டு வருஷம் ஆச்சு. உனக்கென்ன இதுமேல திடீர்ப் பாசம்?" என்று அவளை அடக்கிவிட்டு, வியாபாரியிடம் திரும்பினான். "சார், நான் வேலைக்குப் போறது கம்பெனி பஸ்ல. இவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. பகல்ல நான் கூப்பிட்டாக்கூட எடுக்க மாட்டா, எப்பப் பாரு மீட்டிங். வண்டி பாட்டுக்கு ஷெட்ல தூங்கும்."

"தூங்கின வண்டிக்குப் பின்சீட் இப்படியா இருக்கும்?" வியாபாரி சீட்டில் ஒரு குத்து விட்டார். அது எழும்பவே இல்லை. "சொந்த வண்டின்னா ஓட்டுறவர் பக்கத்து சீட்தான் முதல்ல தேயும். அது இங்க புதுசு மாதிரி இருக்கு. பின்னாடி ஓரத்துல பஞ்சு செத்துப்போச்சு. பின்கதவுக் கைப்பிடி பாருங்க, பெயிண்டே இல்லை. வாடகைக்கு ஓடின வண்டி சார் இது. என் கண்ணுல மண்ணைத் தூவாதீங்க."

மனைவி மெல்லத் திரும்பினாள். "என்னங்க இவர் சொல்றாரு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "வெள்ளிக்கிழமை..."

"வெள்ளிக்கிழமை நீங்க செஸ் கிளப்புக்குப் போவீங்க."

"செஸ்ஸும் இல்லை, கிளப்பும் இல்லை. வாடகைக்கு ஓட்டினேன்."

"அப்ப, 'இன்னிக்கு ஜெயிச்சுட்டேன்'னு வந்து குதிப்பீங்களே?"

"அன்னிக்கு நல்ல சவாரி."

வியாபாரி சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டார். அவள் சிரிக்கவில்லை.

"இனி வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை, சம்பளம் அப்படியேன்னு கேக்கெல்லாம் வாங்கிட்டு வந்தீங்களே!"

"நாலு நாள் நிஜம். சம்பளம் அப்படியேங்கிறதுதான் பொய். நாளைக் குறைச்சவங்க பணத்தையும் குறைச்சுட்டாங்க."

"ஒரு வருஷம்! ஒரு வருஷமா என் முகத்தைப் பார்த்து எப்படிங்க பொய் சொல்ல முடிஞ்சது?"

"நீயாவது நிம்மதியா இருக்கட்டுமேன்னுதான்" என்றான் அவன், தலை நிமிராமல். "மாசம் பொறந்தா உன் சம்பளம் குறையாம வருது. அந்த தைரியத்துலதான் இத்தனை நாள் தாக்குப் பிடிச்சேன்."

அவள் கைப்பையின் வாரை விரலில் முறுக்கினாள், அவிழ்த்தாள், மறுபடி முறுக்கினாள்.

வியாபாரி தொண்டையைச் செருமினார். "சார், உங்க வீட்டு விவகாரத்துல நான் தலையிடலை. ஆனா நீங்க இன்னும் முழுசா உண்மைக்கு வரலையே. வெள்ளிக்கிழமை மட்டும் ஓட்டினா இவ்வளவு கிலோமீட்டர் எப்படி வரும்? இது தினம் ஓடின வண்டி."

"சத்தியமா வெள்ளிக்கிழமை மட்டும்தான்!"

"கிலோமீட்டரைப் பார்க்கிற வழக்கமே கிடையாதா?"

"பெட்ரோல் முள்ளைப் பார்ப்பேன். போன வாரம் விட்ட இடத்துலேயே நிக்கும்."

"நிக்கலை. யாரோ நிக்க வச்சிருக்காங்க."

வியாபாரி மண்டியிட்டு, டிரைவர் சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தார். "குனிஞ்சு பாருங்க. சீட் நகர்ற தண்டவாளம் இது. பின்கோடியில ஒரு தேய்மானம் தெரியுதா? அது உங்க உயரத்துக்கு. முன்கோடியில இன்னொண்ணு, அதைவிட ஆழமா. யாரோ குள்ளமான ஆள் சீட்டை முன்னால இழுத்து ஓட்டியிருக்கான். ஓட்டி முடிச்சதும் பழையபடி உங்க இடத்துக்கே தள்ளி வச்சிருக்கான். உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு!"

கணவன் எழுந்து மனைவியின் பக்கம் திரும்பினான்.

"பகல் பூரா வீட்டுல இருக்கிறவ நீதானே?" குரல் கிறீச்சிட்டது. "யாருக்குடி சாவியைக் குடுத்தே? யார் அவன்?"

அவள் அவனைத் தாண்டிப் போய் முன்கதவைத் திறந்து, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். பார்க்காமலே அவள் கை கீழே போய்ச் சரியான பிடியைப் பிடித்தது. சீட் சர்ரென்று முன்னால் ஓடி, 'டக்'கென்று அந்த ஆழமான தேய்மானத்தில் நின்றது. கால்கள் பெடல்களில் கச்சிதமாகப் பதிந்தன.

"உங்க ஆபீஸ்ல ஒரு நாளைத்தாங்க குறைச்சாங்க" என்றாள், ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி. "எங்க ஆபீஸ்ல அஞ்சு நாளையும் குறைச்சுட்டாங்க."