ஆலாவுக்கு விரித்த மணல்

கருவயிற்று ஆலா முட்டையிட்ட இடம் இனி அந்தப் பறவைக்கே சொந்தம் என்று சட்டம் வந்ததும், முதலில் காலியானது காவிரிக்கரையில் பூவாயி குடியிருந்த தெருதான். கையெழுத்துப் போட்டவர் வனத்துறை அதிகாரி ஞானசேகரன். அங்கே ஒரு முட்டைகூட இல்லையென்று தெருவே கதறியும் அவர் காதில் ஏறவில்லை. பிறகு, பறவை வரவில்லை என்று அவரே எழுதிவிட்டு அங்கேயே மாடி வீடும் கட்டிக்கொண்டார்.

பூவாயி அதே துறையில் முட்டை கணக்கெடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். ஆலாவின் குணம் அவளுக்கு அத்துப்படி. அது கூடு கட்டாது. வெறும் ஆற்று மணலைக் குழித்து முட்டையிடும். வெயில் ஏறினால் வயிற்றை நனைத்து வந்து முட்டைமேல் உட்காரும். அதனால் பக்கத்திலேயே தண்ணீர் வேண்டும்.

ஒருநாள் காலை ஞானசேகரன் வீட்டு வாசலில், மகள் கல்யாணப் பந்தலுக்காகப் பத்து நாள் முன்பே பரப்பிய மணலில் மூன்று முட்டைகள் கிடந்தன. பூவாயி சிவப்புக் கொடியை நட்டாள்.

"நாளன்னைக்கு முகூர்த்தம்மா. ஓரமா எடுத்து வெச்சிடேன்."

"தொட்டா ஜெயிலு சார். சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணுங்க. உங்களுக்கு வேற இடம் கிடைக்கும், அதுக்குக் கிடைக்குமா?"

தெருவைக் காலி செய்த அன்று அவர் சொன்ன அதே வார்த்தை. அவருக்கு நினைவில்லை.

"எல்லாம் அந்தப் பந்தல்காரன் மாரப்பனால! ஆத்து மணல்தான் காலுக்கு மெத்துனு இருக்கும்னான். தண்ணித் தொட்டியையும் அவன்தான் வெச்சான்!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"மாரப்பன் எங்க தெருவுல நாலாவது வீடு சார்," என்றாள் பூவாயி.