நானூற்று ஐந்து

நீச்சல்குள மைக்கில் சத்யப்ரியாவின் பெயரைச் சொல்லி, கடைசி டைவ் நானூற்று ஐந்து என்றதும் அவளுடைய கோச் டோனி மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

கேலரியில் உட்கார்ந்திருந்த ஒச்சம்மாள் மாஸ்டரைப் பார்க்காமல் பலகையையே பார்த்தாள். மகள் சத்யப்ரியா அடிக்கிற டைவ்களில் அவளுக்குத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதான்.

தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்று, பலகைப் பக்கமாகவே சுருண்டு இறங்க வேண்டும். போன வருஷம் அதில்தான் மகளின் தலை பலகையில் இடித்தது. ஒன்பது தையல். இன்னொரு அடி பட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

மாஸ்டர் நடுவர் மேசைக்கு ஓடினார். நானூற்று மூன்று என்றுதான் எழுதினேன், எவனோ திருத்தியிருக்கிறான் என்று கத்தினார். மேசையில் யாரும் அசைந்து கொடுக்கவில்லை. எழுதிக் கொடுத்தது கொடுத்ததுதான். வேறு டைவ் அடித்தாலும் பூஜ்யம், ஏறாவிட்டாலும் பூஜ்யம்.

பூஜ்யம் வாங்கினால் மெடல் இல்லை. மெடல் இல்லாவிட்டால் ரயில்வே வேலை இல்லை. விளையாட்டுக் கோட்டாவில் சத்யப்ரியாவுக்கு இதுதான் கடைசி வருஷம்.

ஒரு சுற்று குறைவான நானூற்று மூன்றை வைத்துக்கொண்டு மெடல் வாங்க முடியாது என்று மாஸ்டரே நேற்று ஒச்சம்மாள் காதுபட யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். பரவை மார்க்கெட்டில் நாள் முழுக்க மூட்டைகளுக்கு நம்பர் போடுகிற ஒச்சம்மாளுக்கு, ஒரு மூன்றை ஐந்தாக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? மாஸ்டர் எழுதிக் கொடுத்த பேப்பரை அம்மா மடியில் வைத்துவிட்டு மகள் டீ வாங்கப் போன நேரமே போதுமாக இருந்தது.

சத்யப்ரியா ஏணிக்குப் போகவில்லை. நேராகக் கேலரிக் கம்பியருகே வந்து ஈரத் துண்டை அம்மாவிடம் நீட்டினாள். முகத்தில் கோபமே இல்லை. ஒச்சம்மாளுக்கு அதுதான் பயமாக இருந்தது.

"கையெழுத்துப் போடும்போதே பாத்துட்டேன்மா. நீயே சொல்லுவேன்னு இந்நேரம் வரைக்கும் இருந்தேன். இப்ப வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு, ஏறல."

வேண்டாம் என்பது தொண்டை வரை வந்தது. சத்தியமாக வந்தது.

ஒச்சம்மாள் துண்டை வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பாத்துக் குதி தாயி."