வலது கால்

கட்டைவிரல் நின்றுவிட்டது.

தொடையின் பின்பக்கம், நடுவில். எண்ணெய்க்கு அடியில், சுண்டைக்காய் அளவுக்கு ஓர் இடம் மற்ற இடங்களைப் போல இல்லை.

குப்புறப் படுத்திருந்த ஜெபசீலியின் குதிகால் மட்டும் ஒருமுறை துடித்து அடங்கியது.

மைதானத்துக் காலரிக்கு அடியிலிருந்த அறை. தலைக்கு மேலே கூட்டம் இடம் மாறி உட்காரும் சத்தம். இன்னும் சற்று நேரத்தில் பெண்களுக்கான நானூறு மீட்டர் இறுதிப் போட்டி. ஜெபசீலி நேற்று இருநூறு ஓடினாள். தொடர் ஓட்டமும் ஓடினாள். இன்று காலை அரையிறுதி. அதிலும் முதலாவதாக வந்தாள். நடுவில் அந்தக் கால்கள் ஓய்ந்திருந்த நேரம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை.

காலையில் ஓடியதைவிடக் கண்ணிமைக்கும் நேரம் குறைத்தால் போதும். மாநில சாதனை போய்விடும்.

அந்தச் சாதனை இந்தக் கட்டைவிரலுக்கு உரியவளுடையது. இப்போது மசாஜ் மேசையருகே நிற்கிற குணவதியுடையது. ஜெபசீலி பிறப்பதற்கு முன்பு படைத்தது.

அதைப் பற்றி இந்த அறையில் யாரும் பேசியதில்லை. இங்கே அவள் அணிக்கு உடம்பு பிடித்துவிடுகிற அக்கா. அவ்வளவுதான்.

சதைப்பிடிப்பாக இருக்கலாம். பிடிப்பென்றால் அழுத்த அழுத்த இளகும்.

இது இளகவில்லை. விரலுக்குப் பயந்து ஒடுங்கியது.

கிழிசல் தொடங்கியிருக்கிறது.

அப்போது குணவதிக்குள் ஏதோ ஒன்று லேசாகிவிட்டது. வெயிலில் நடந்து வந்தவள் நிழலில் கால் வைத்ததுபோல.

அது என்னவென்று புரிந்ததும் கையை எடுத்துவிட்டாள்.

துண்டில் எண்ணெயைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாக.

அங்கே இருக்கிறதா? இல்லை, இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேனா?

இடது காலைத் தொட்டாள். மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி வலது காலைத் தொட்டாள்.

இருந்தது.

முழங்காலை மடக்கிப் பிடிக்கச் சொன்னாள். கணுக்காலைப் பற்றித் தன் பக்கம் இழுத்தாள். இடது கால் அவளையே இழுத்தது. வலது கால் பாதி வழியில் விட்டுக்கொடுத்தது.

"வலிக்கா?"

"இல்லக்கா."

ஜெபசீலியின் பற்கள் துண்டின் ஓரத்தைக் கடித்திருந்தன.

பயிற்சியாளர் சாமிதாஸ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "முடிஞ்சிச்சா? கூப்பிடப் போறாங்க."

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. முதல் வளைவைக் கால் தாங்கிவிடும். இரண்டாவது வளைவில் போனால், ஓட்டத்தில் போனது என்பார்கள். போகாமலும் இருக்கலாம். சாதனை உடைந்தால், அதை இதுவரை வைத்திருந்தவள் என்று குணவதியையும் மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போடுவார்கள். அவளும் சிரிப்பாள்.

சொன்னால்?

"சார், இவ ஓடக்கூடாது. தொடைக்குப் பின்னால சத லேசா கீறிருக்கு. மூணு வாரம் ஓய்வு குடுத்தா ஆறிரும். இன்னைக்கு ஓடி அது கிழிஞ்சிட்டுன்னா இந்த வருசமே போச்சு."

சாமிதாஸ் அவளைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"நல்லாப் பாத்துட்டுத்தான் சொல்லுதியா, குணவதி?"

அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருந்தது. மூன்று பேருக்கும் அது கேட்டது.

"பாத்துட்டேன் சார். ரெண்டு தடவ."

அவர் ஜெபசீலி பக்கம் திரும்பினார். "நீயே சொல்லும்மா. நான் வெளிய நிக்கேன்."

கதவு பாதி திறந்தபடி கிடந்தது.

ஜெபசீலி எழுந்து உட்கார்ந்தாள். ஸ்பைக்ஸ் ஷூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, ஒங்களுக்குச் சந்தோசமா?"

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

இல்லை என்று சொல்லத்தான் குணவதி வாய் திறந்தாள். வரவில்லை.

"தொட்டதும் ஒரு நிமிசம் இருந்துச்சு," என்றாள். "அதான் திரும்பத் தொட்டுப் பாத்தேன்."

ஜெபசீலி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மைக்கில் பெயர்கள் வரத் தொடங்கின. நான்காம் தடம், ஜெபசீலி. சற்றுப் பொறுத்து மறுபடியும் அதே பெயர்.

ஜெபசீலி ஷூவைக் கீழே வைத்தாள். பனியனில் குத்தியிருந்த நம்பரின் ஊக்குகளைக் கழற்ற ஆரம்பித்தாள். கடைசி ஊக்கு வரமாட்டேன் என்றது. குணவதி உதவிக்குக் கையை நீட்டினாள்.

ஜெபசீலி அந்தக் கையை விலக்கினாள். தானே கழற்றினாள்.

கதவருகே நின்றிருந்த நிழல் நகர்ந்து போயிற்று.

ஜெபசீலி மறுபடி குப்புறப் படுத்தாள். முகம் சுவர்ப் பக்கம். குணவதி ஐஸைத் துண்டில் சுற்றி அந்த இடத்தில் வைத்துப் பிடித்தாள்.

வெளியே துப்பாக்கி வெடித்தது.

அவள் உள்ளங்கைக்குக் கீழே தொடை இறுகியது. சொல்பேச்சு கேட்காமல் கிளம்பிவிட்டது அந்தக் கால். அவள் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

கூட்டத்தின் இரைச்சல் ஏறியது. இன்னும் ஏறியது. பிறகு இறங்கியது.

மைக்கில் நேரத்தைச் சொன்னார்கள். சாதனைக்கு வெகு தூரம்.

தான் அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது.

"மூணு வாரம் கழிச்சு ஓடிருவேனா?" ஜெபசீலி சுவரிடம் கேட்டாள்.

"ஓடுவ."

"இதவிட வேகமா?"

"அதுக்குத்தான் இந்த ஓய்வு."

ஐஸ் உருகி மேசையோரத்தில் சொட்டியது. குணவதியின் விரல்கள் மரத்துவிட்டன. கையை எடுக்கவில்லை.

ஜெபசீலியும் காலை இழுத்துக்கொள்ளவில்லை.