ஏலத்தில் போன பலாப்பழம்

“பதினாறாயிரம்!” என்று கத்தினான் றொமேஸ், காதிலிருந்து போனை எடுக்காமலே.

யாக்கோப்புக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதிரையின் நுனிக்கு நகர்ந்தவர் எழும்பியே விட்டார். “பதினெட்டு!”

அந்தோனியார் திருநாள் பூசை முடிந்து, கோயில் முற்றத்தில் காணிக்கைப் பொருள்களின் ஏலம் நடந்துகொண்டிருந்தது. மேசையில் கிடந்தது யாக்கோப்பு வீட்டுப் பலாப்பழம். மரத்தின் முதல் காய்ப்பு என்று அவர் மனைவி மார்கிறட் கொண்டுவந்து கொடுத்தது. கொடுத்தவர்களே ஆயிரத்துக்கோ ரெண்டாயிரத்துக்கோ கேட்டுத் திரும்ப வீட்டுக்கு எடுத்துப் போவதுதான் வழக்கம். றொமேஸ் குறுக்கே வந்து கேட்கத் தொடங்கியதுதான் வினை.

போன வருசம் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் பதவியைப் பதினொரு வாக்கால் யாக்கோப்பிடமிருந்து பறித்தவன் அவன். அந்தப் பதினொரு பேர் ஆரென்று யாக்கோப்பு இன்றைக்கும் கரையில் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.

“இஞ்சாருங்கோ,” மார்கிறட் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். “உங்களிட்ட இருக்கிறதே பன்னிரண்டாயிரம். வலையெல்லாம் கிழிஞ்சு கிடக்கு. மகள் கம்சா பாரிஸில இருந்து காசு போட்டாத்தான் நீங்கள் களப்பில மீன்பிடிக்க இறங்கலாம். இதுக்குள்ள பலாப்பழம் கேக்குதோ?”

“என்ர வளவுப் பழத்தை உவன் தின்னுறதோ? நீ பிள்ளைக்குப் போனை எடு. காசை இண்டைக்கே போடச் சொல்லு.”

“பூசை முடிஞ்ச நேரம் தொடக்கம் எடுக்கிறன். ஆரோட கதைக்கிறாளோ தெரியேல்லை, லைன் கிடைக்குதில்லை.”

“இருபது!” றொமேஸ்.

“இருபத்தஞ்சு!”

“யாக்கோப்பண்ணை, சுளைக்குள்ள தங்கமே கிடக்கு?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். சனம் சிரித்தது. கச்சான் கடலை விற்கிறவர் தராசை அந்தரத்தில் பிடித்தபடியே வாய் பார்த்தார்.

றொமேஸ் போனைக் கையால் பொத்திக்கொண்டு கிட்ட வந்தான். “அண்ணை, விடுங்கோ. சொன்னாக் கேளுங்கோ, நீங்கள் இதைக் கேக்க வேண்டாம்.”

“ஏன்ரா, லண்டனில கொண்ணன்ர காசு முடிஞ்சுதோ?”

அந்தக் கணத்தோடு யாக்கோப்புக்குப் பழம் மறந்துபோயிற்று. போனில் இருக்கிற தமையனின் காசு கரைய வேண்டும். அது ஒன்றுதான் இப்போது அவருக்கு வேண்டியிருந்தது.

“முப்பத்தஞ்சு!”

றொமேஸ் போனுக்குள் ஏதோ முணுமுணுத்தான். “நாப்பது,” என்றான் மனமில்லாமல்.

“நாப்பத்தஞ்சு!”

  றொமேஸ் முதுகைக் காட்டிக்கொண்டு போனுக்குள் அவசரமாகக் கதைத்தான்.

“நாப்பத்தையாயிரம் ஒருதரம்,” ஏலம் கூறிய கோயில் மூப்பர் கையை உயர்த்தினார். “ரெண்டுதரம்...”

யாக்கோப்பு மடியிலிருந்த பன்னிரண்டாயிரத்தைத் தடவிப் பார்த்தார்.  இல்லாத காசை எங்கே போய் எடுப்பது? முழு ஊரும் பார்த்துக்கொண்டு நிற்கிறது. மார்கிறட் செபமாலையை இறுக்கிப் பிடித்தாள்.

“அறுபது!” றொமேஸ் திரும்பிக் கத்தினான்.

யாக்கோப்பு மெதுவாகக் கதிரையில் இருந்தார். போன உயிர் திரும்பி வந்திருந்தது. “எனக்கு வேண்டாம். தலைவர் ராசாவே கொண்டுபோகட்டும்.”

மூன்றுதரம் சொல்லி முடிந்தது. சனம் கைதட்டியது.

“பாத்தியே?” மனைவியின் காதில் சிரித்தார் யாக்கோப்பு. “நல்லா ஏத்திவிட்டன். தலைவருக்கு இண்டைக்கு நித்திரை வராது.”

பேசி முடிக்கவில்லை. றொமேஸ் பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு நேரே அவரிடம் வந்தான். அவர் காலடியில் அதை மெல்ல இறக்கி வைத்தான்.

“என்னடா இது?”

“உங்களுக்குத்தான் அண்ணை. கேட்டது நானில்லை, உங்கட கம்சா. தான் நட்ட மரத்தின்ர முதல் பழத்தை அப்பாவுக்கு எடுத்துக் குடுங்கோ, ஏலம் முடியும்வரை சொல்லாதேங்கோ எண்டு சத்தியம் வாங்கிப்போட்டாள்.” றொமேஸ் நெற்றி வியர்வையைத் துடைத்தான். “நாப்பத்தஞ்சில விடுவம் எண்டுதான் சொன்னனான். ‘அப்பாட்டக் காசில்லை அண்ணா, சனத்துக்கு முன்னால அவரைத் தலைகுனிய விடாதேங்கோ, அவற்ர வலைக்கெண்டு நான் வைச்ச அறுபதையும் போட்டுக் கேளுங்கோ’ எண்டு அழுதவள்.”