கால்குலேட்டர் பொம்மை

வயிற்றில் பழைய கால்குலேட்டர் பதித்து நூலில் பின்னிய அந்த ரோபோ பொம்மையை ஜெசிந்தா முதலில் பார்த்தது, சுபைதா என்ற முன்பின் தெரியாத பெண்ணின் இணையப் பக்கத்தில்தான். அதையே பார்த்துப் பார்த்துத் தானும் ஒன்று பின்னி, சுபைதாவின் பெயரைச் சொல்லாமல் படம் போட்டாள். ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்தார்கள். பிறகு யார் கண்ணிலோ சுபைதாவின் பொம்மையும் பட்டது. எது முதலில் வந்தது என்று தேதியை யாரும் பார்க்கவில்லை. "ஜெசிந்தாவோடதை அப்படியே திருடியிருக்கா" என்று ஆளாளுக்குச் சுபைதாவின் பக்கத்தில் போய்த் திட்டினார்கள்.

மறுநாள் சுபைதாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"அக்கா, சத்தியமா நான் உங்களதைப் பார்த்துப் பண்ணலக்கா. தேதியைப் பாருங்கன்னு சொன்னாலும் யாரும் கேக்கல. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி தோணியிருக்கு போல. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்புவாங்க."

'நான்தான் உன்னுடையதைப் பார்த்து' என்று எழுதத் தொடங்கிய ஜெசிந்தா, அதை அழித்தாள். "அவரைத் திட்டாதீர்கள், இருவருக்கும் ஒரே யோசனை வந்திருக்கிறது" என்று தன் பக்கத்தில் போட்டாள். பெரிய மனசு என்று எல்லோரும் புகழ்ந்தார்கள்.

சாயங்காலம் சுபைதா எழுதியிருந்தாள். "ரொம்ப நன்றிக்கா. இனிமே எது செஞ்சாலும் உங்ககிட்ட காட்டிட்டுத்தான் போடுவேன்."

கீழே, இதுவரை யாரும் பார்த்திராத ஒரு பொம்மையின் படம். ஜெசிந்தா தன்னையறியாமல் அதைப் பெரிதாக்கி, பின்னல் எப்படிப் போகிறது என்று பார்த்தாள்.