வௌவாலின் கள்ளத்தொண்டை

குகைக்குள் ஒரு வௌவால் தலைகீழாகத் தொங்கியபடி பாடிப் பழகியது. அதன் கீச்சுக்குரல் எதிலாவது மோதித் திரும்பினால்தான், எதிரே என்ன இருக்கிறது என்றே அதற்குத் தெரியும்.

ஒருநாள் இருட்டுக்குள்ளிருந்து யாரோ பேசினார்கள். "ஆம்பளைக்கு எதுக்குங்க இந்தக் கள்ளத்தொண்டை? அடிவயித்துலேர்ந்து பாடுங்க."

வௌவாலுக்கு வெட்கமாகிவிட்டது. கீச்சுக்குரலை அன்றோடு விட்டுவிட்டு, கனத்த குரலில் உறுமப் பழகியது.

"பேஷ்! இன்னும் கொஞ்சம் கீழே இறங்குங்க."

ஒவ்வொரு பாட்டுக்கும் பாராட்டு சற்றுப் பக்கத்தில் வந்தது. யாரென்று கேட்க வௌவாலுக்குத் தோன்றவில்லை. ரசிகர் கிடைத்ததே பெரிசு.

இன்று ஒரு மேல்சுரத்தில் தொண்டை பிசகி, பழைய கீச்சுக்குரல் தானாக நழுவி வெளியே போனது. போன வேகத்திலேயே திரும்பியும் வந்தது. மூக்குக்கு நேரே, அகலத் திறந்திருந்த ஒரு வாய் துலக்கமாகத் தெரிந்தது.

"இந்தக் குரல் வேண்டாம்னு அப்பவே சொன்னேனே," என்றது வாய், வருத்தத்தோடு.